கல்லூரிக்குச் செல்லுமுன்

மேட்டூர் அணையைத் திறப்பதற்கு மரபாகக் குறிக்கப்பட்டுள்ள நாள் ஜூன் 12. அணையிலிருந்து புறப்படும் நீர் கல்லணையைக் கடந்து, ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து, பூம்புகாரை அடுத்த கடைமடை வயல்களை எட்டுவதற்குள் பல நாள்கள் கழிந்துவிடும். ஏறக்குறைய அதே நாள்களில்தான் பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய நம் பிள்ளைகள் கல்லூரி வாயிலை மிதிக்கின்றனர். குறுவைக்கு உழவும் விதையும் உரமும் பணம் கேட்கின்ற வேளையும், மகளுக்கோ மகனுக்கோ கல்லூரிக் கட்டணம் செலுத்த வேண்டிய வேளையும் ஒன்றாகவே வந்து நிற்கின்றன. கடற்கரைக் குப்பங்களின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. கிழக்குக் கடலில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லலாகாது என்னும் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் நீடிக்கிறது. மீன்கள் பெருகுவதற்கு வேண்டிய தடைதான் அது. அதை யாரும் மறுக்கவில்லை. ஆயினும், விண்ணப்பம் வாங்கும் மே மாதமும், சேர்க்கைக் கட்டணம் செலுத்தும் ஜூன் மாதமும், விசைப்படகை நம்பிய வீடுகளில் வருவாய் அற்ற மாதங்களாக அமைந்துவிடுகின்றன.

இந்தக் கணக்கை அறியாமல் கூறப்படும் அறிவுரை எதுவும் நம் பகுதிக்குப் பயன்படாது. ‘உனக்கு விருப்பமானதைப் படி’ என்பது நல்ல சொல்தான். ஆனால் அதைச் சொல்பவர் பெரும்பாலும் கட்டணம் செலுத்த வேண்டியவர் அல்லர். ஆகவே பணத்தைப் பற்றியே முதலில் பேசுவோம். அதில் வெட்கப்படுவதற்கு ஒன்றுமில்லை.

அரசு தரும் உதவிகள் பல உண்டு. துன்பம் என்னவெனில், காவிரி நீரைப் போலவே அவற்றைப் பற்றிய செய்தியும் கடைமடைக்குக் கடைசியில்தான் வந்து சேருகிறது. அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வி கற்கும் மாணவியருக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கும் ‘புதுமைப் பெண்’ திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கப்பெற்றது. 2024-இல் அது, அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்ற மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்டு 9 அன்று மாணவர்களுக்கான ‘தமிழ்ப் புதல்வன்’ திட்டமும் தொடங்கியது. இங்கே நம் வாசகர்கள் ஒன்றை ஊன்றிக் கவனிக்க வேண்டும். திருச்சபையும் துறவற சபைகளும் நடத்தும் பள்ளிகளுள் பல, அரசு உதவிபெறும் பள்ளிகளே. ‘நாங்கள் படித்தது மதர் பள்ளிக்கூடம், அரசுப் பள்ளி அன்று, எங்களுக்குக் கிடைக்காது’ என்று தாமாகவே ஒதுங்கிவிடும் பெற்றோர் பலர். முதலில் பள்ளி எவ்வகையைச் சார்ந்தது என்பதைத் தலைமையாசிரியரிடம் கேட்டறியுங்கள். மறுபுறம், மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் வழங்கப்பட்டுவரும் 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியது. உதவிபெறும் பள்ளியில் பயின்றவர் அதை நம்பி ஏமாறலாகாது. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், சேரும் ஆண்டின் விதியைக் கேட்டே முடிவு செய்தல் நன்று.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்பிற்குச் செல்பவருக்கு, தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சலுகை 2010 முதல் அளிக்கப்பட்டு வருகிறது. ஆனால் அது அரசின் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகச் சேர்பவருக்கே உரியது. நிருவாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிட்டாது. இவ்வொரு வரியை அறியாமையால் பல வீடுகள் கடனில் ஆழ்ந்திருக்கின்றன.

இன்னொன்றும் நம் வாசகருள் பலரைத் தொடுவது. பட்டியல் சாதிகளைக் குறித்த 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவர் அப்பட்டியலில் இடம்பெறுவதில்லை. ஆகவே ஆதிதிராவிடர் குடியிலிருந்து கிறிஸ்தவரான குடும்பங்களின் பிள்ளைகள் தமிழ்நாட்டுக் கல்லூரிச் சேர்க்கையில் பிற்படுத்தப்பட்டோராகவே கொள்ளப்படுகின்றனர். இந்த அநீதியைப் பற்றிப் பேசுவதற்கு வேறு இடம் உண்டு. ஆனால் கல்வி உதவித்தொகையைப் பொறுத்தவரை, தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் நலத்துறைத் திட்டங்கள் மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடரையும் உள்ளடக்கியே அறிவிக்கப்படுகின்றன. சேர்க்கையில் இல்லை என்றதும் உதவித்தொகையிலும் இல்லை எனக் கருதி விண்ணப்பிக்காமல் விடுவது, உள்ள உரிமையையும் நாமே கைவிடுவதாகும்.

சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றைத் தேர்வு முடிவு வருமுன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முடிவு வெளியான வாரத்தில் அங்குள்ள கூட்டம் வைத்தீசுவரன்கோயில் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தை நினைவூட்டும்.

வங்கிக் கல்விக் கடனைப் பொறுத்தவரை, வங்கிகள் பின்பற்றும் மாதிரித் திட்டத்தின்படி நான்கு இலட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும். வயலை ஈடு வைத்து வட்டிக்கு வாங்குமுன் இதைக் கேட்டுப் பாருங்கள். மேலாளர் முதல்முறை கைவிரித்தால், மறுப்பை எழுத்தில் தருமாறு பணிவுடன் வேண்டுங்கள். எழுத்து என்றதும் பல மறுப்புகள் தளர்ந்துவிடும்.

நிற்க. தேர்வு முடிவு வந்த மறுநாளே ஊருக்குள் புதுமுகங்கள் தோன்றும். வெள்ளைச் சட்டை, கையில் வண்ணத் தாள், இனிய பேச்சு. ‘உங்கள் பிள்ளைக்கு இடம் வாங்கித் தருகிறேன்; பேருந்தும் விடுதியும் இலவசம்; சான்றிதழை மட்டும் கொடுங்கள்’ என்பார்கள். இத்தரகர்களின் கையில் அசல் மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் போய்விட்டால், பின்னர் அரசுக் கல்லூரியிலேயே இடம் கிடைத்தாலும் அங்குச் செல்ல வழியிராது. இந்தப் பிடிமானத்தைத் தடுக்கவே பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் ஓர் அறிவிக்கை வெளியிட்டது. அதன்படி, கல்லூரி அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்த பின் திருப்பித் தந்துவிட வேண்டும், வைத்துக்கொள்ளலாகாது. விலகும் மாணவருக்குக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும். சேர்க்கைக்கு அறிவிக்கப்பட்ட இறுதி நாளுக்கு 15 நாள்கள் முன்னரே விலகினால் ஒரு சிறு செயல்முறைக் கட்டணம் போக முழுத்தொகை, அதற்குப்பின், இறுதி நாளுக்கு முன் எனில் 90 விழுக்காடு, இறுதி நாளுக்குப் பின் 15 நாள்களுக்குள் 80, முப்பது நாள்களுக்குள் 50, அதன்பின் ஒன்றுமில்லை. ஆகவே மனம் மாறுவதாயின் விரைவில் மாறுக; விலகல் கடிதத்தை நாள் குறித்துக் கொடுத்து, படியில் கையொப்பம் வாங்குக. கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு கேளுங்கள். சீட்டுத் தராத பணம் கேட்கும் இடம் கல்விக்கூடமாகாது.

இனி, எதைப் படிப்பது?

நாகப்பட்டினத்தில் 1844-இல் இயேசு சபைக் குருக்கள் தொடங்கிய தூய வளனார் கல்லூரி, 1883-இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்தது. அங்கே 1950-இல் இராமேசுவரத்திலிருந்து வந்து சேர்ந்த ஓர் இளைஞர் இயற்பியல் பயின்று பட்டம் பெற்றார். தமக்கு உகந்த துறை இயற்பியல் அன்று, பொறியியலே என்பதைப் பட்டம் பெற்ற பிறகுதான் அவர் உணர்ந்தார். பின்னர்ச் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் இடம் கிடைத்தபோது, சேர்க்கைக்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. தந்தையிடம் அவ்வளவு பணமில்லை. தமக்கை சோகரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் ஈடு வைத்து உதவினார். அவ்விளைஞரே பின்னாளில் குடியரசுத் தலைவரான ஆ.ப.ஜெ. அப்துல் கலாம். இதனை அவரே ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் கூறியுள்ளார்.

இக்கதையை மேடைகளில் தமக்கையின் தியாகத்திற்காகவே சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்கு அதில் வேறொரு செய்தியும் உண்டு. கலாமின் ஊரில் கல்லூரிப் படிப்புகளைப் பற்றி எடுத்துச் சொல்ல ஆளில்லை. எந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அறியாமலே நான்கு ஆண்டுகள் சென்றன. அவர் மீண்டெழுந்தார். தமக்கையின் வளையலும் சங்கிலியும் இல்லாத வீட்டுப் பிள்ளை எவ்வாறு மீளும்? ஆகவே கேட்டறிதல் இன்றியமையாதது. எவரைக் கேட்பது? அப்படிப்பை மூன்றாண்டுகளுக்கு முன் முடித்து இப்போது வேலையிலோ வேலை தேடியோ இருப்பவரைக் கேளுங்கள். கல்லூரி விளம்பரம் வேலை கிடைத்த பத்துப் பேரின் படத்தைப் போடும். மீதிப் பேர் என்ன செய்கின்றனர் என்பது ஊரில் இருக்கும் அண்ணனுக்கும் அக்காளுக்கும்தான் தெரியும்.

நம் பகுதியில் எண்ணிப்பார்க்க வேண்டிய துறைகள் சில, அருகில் இருப்பதாலேயே நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மீனவர் வீட்டுப் பிள்ளை ‘கடல் தொழில் வேண்டாம்’ என்று சொல்லி ஏதோ ஒரு பொறியியல் பிரிவில் சேருகிறான். நாகப்பட்டினத்தில் 2012-இல் தொடங்கப்பட்ட மீன்வளப் பல்கலைக்கழகம் நான்காண்டு மீன்வள அறிவியல் பட்டம் தருகிறது. தூத்துக்குடியில் 1977 முதல் மீன்வளக் கல்லூரி இயங்குகிறது. கடலை அறிந்தவன் அதைப் படித்து அதிகாரியாகவும் ஆய்வாளனாகவும் வருவதற்கு வழி அங்கே உண்டு. நெல்லைப் பொறுத்தவரை, 1967-இல் திருவாரூரில் நெல் பதனிடும் ஆய்வாகத் தொடங்கி வளர்ந்த நிறுவனமே இன்று தஞ்சையில் உணவுத் தொழில்நுட்பப் பட்டம் அளிக்கும் தேசிய நிறுவனம். அதற்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு, எளிதன்று. ஆனால் அப்படி ஒன்று இருப்பதையே அறியாமல் அதன் வாயிலைப் பேருந்தில் கடந்து செல்கிறோமே!

இங்கே ஒரு கசப்பான உண்மையையும் சொல்லியாக வேண்டும். இவற்றுக்கெல்லாம் பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்திருக்க வேண்டும். கல்லூரித் தேர்வு உண்மையில் பத்தாம் வகுப்பு முடிவன்றே தொடங்கிவிடுகிறது. இவ்வாண்டு பத்தாம் வகுப்பு எழுதும் தம்பியோ தங்கையோ உங்கள் வீட்டில் இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களிடமும் கொடுங்கள்.

அருகில் படிப்பதா, தொலைவில் படிப்பதா என்னும் வினாவுக்கு ஒரே விடை கூற இயலாது. பூம்புகாருக்கு அருகே மேலையூரில், இந்து சமய அறநிலையத் துறையின் பொறுப்பில் பூம்புகார்க் கல்லூரி 1964 முதல் பணியாற்றி வருகிறது. மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி 1955-இல் தொடங்கியது. சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் பிறந்தது. வீட்டிலிருந்தே சென்று வரக்கூடிய இத்தகைய கல்லூரிகளால்தான் இப்பகுதியில் பல வீடுகளின் முதல் பட்டதாரி உருவானார் என்பதை மறக்கலாகாது. அதிலும் பெண்பிள்ளைகள்! அருகில் கல்லூரி இராதிருப்பின் அவர்களுள் பலர் பள்ளியோடு நின்றிருப்பர். எனவே ‘உள்ளூர்க் கல்லூரிதானே’ என்னும் இளக்காரம் எனக்கு உடன்பாடன்று. விரும்பும் துறை இங்கே இருக்குமாயின் இங்கேயே சேரலாம். மிச்சமாகும் விடுதிப் பணத்தில் ஆங்கிலப் பயிற்சியோ கணிப்பொறிப் பயிற்சியோ பெறலாம். விரும்பும் துறை இங்கில்லை எனில், பெண்பிள்ளை என்பதற்காக மட்டும் தடுக்காதீர்கள். பாதுகாப்பான விடுதிகள் திருச்சியிலும் கும்பகோணத்திலும் உள்ளன. பங்குத் தந்தையிடமோ அருட்சகோதரிகளிடமோ கேட்டால் வழி சொல்வார்கள்.

‘தன்னாட்சிக் கல்லூரி’ என்னும் சொல்லைக் கண்டு மயங்கவும் வேண்டாம், அஞ்சவும் வேண்டாம். பாடத்திட்டம் வகுப்பதும் தேர்வு நடத்துவதும் கல்லூரியின் பொறுப்பு. பட்டம் தருவது பல்கலைக்கழகமே. அப்பல்கலைக்கழகம் மானியக் குழுவின் பட்டியலில் உள்ளதா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அக்குழுவே அவ்வப்போது வெளியிடுகிறது.

தமிழ் வழியா, ஆங்கில வழியா? தமிழ் வழி என்றாலே மதிப்புக் குறைவு என்னும் எண்ணம் வேரூன்றியுள்ளது. தமிழ் வழியில் பயின்றோருக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை அளிக்கும் சட்டம் 2010-இல் வந்தது. 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பள்ளி முதல் பட்டம் வரை முழுவதும் தமிழ் வழியில் பயின்றிருத்தல் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகள் தமிழில் படித்துவிட்டு, அரசுப் பணியையே நாடும் மாணவர், கல்லூரியில் மட்டும் ஆங்கில வழிக்கு மாறினால் அவ்வுரிமையை இழக்கிறார். இதைச் சேரும்போது யாரும் சொல்வதில்லை.

சேர்ந்தாயிற்று. முதலாண்டைப் பற்றிப் பேசும்போது நம் கும்பகோணத்துப் பிள்ளை ஒருவரை நினைக்காமல் இருக்க முடியாது. கணித மேதை சீனிவாச இராமானுசன் 1904-இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணக்கு ஒன்றே அவர் உலகம். ஏனைய பாடங்களில் கருத்துச் செல்லவில்லை. ஆங்கிலத்தில் தேறவில்லை, உதவித்தொகை பறிபோயிற்று. 1905-இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினத்திற்குப் போய்விட்டார். 1906-இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார், அங்கும் எஃப்.ஏ. தேர்வில் தோற்றார், மறு ஆண்டும் தோற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை. 1913-இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்திற்குப் பிறகே கதவு திறந்தது. 1918-இல் இராயல் கழகத்தின் உறுப்பினரானார். 1920-இல் முப்பத்திரண்டு வயதில் மறைந்தார்.

‘பார்த்தாயா, தேர்வில் தோற்றவனும் மேதையாகலாம்’ என்று இதைக் கூறி மாணவரைத் தேற்றுவது வழக்கம். எனக்கு அது நிறைவு தருவதில்லை. உதவித்தொகை போனதற்கும் ஹார்டியின் விடை வந்ததற்கும் இடையே கழிந்த எட்டாண்டுகளைப் பாருங்கள். முப்பத்திரண்டே ஆண்டுகள் வாழ்ந்தவரின் எட்டாண்டுகள் அவை. கணக்கு எழுதத் தாளுக்கே தட்டுப்பாடு. ஒரு விதி ஒருபுறம். அவ்விதியை அவர் நெஞ்சில் படும்படி எடுத்துச் சொல்ல ஆளில்லாமை மறுபுறம்.

அவ்விதி வேறு வடிவில் இன்றும் இருக்கிறது. நம் கலை அறிவியல் கல்லூரிகளில் பகுதி ஒன்று தமிழ் அல்லது பிறமொழி, பகுதி இரண்டு ஆங்கிலம், பகுதி மூன்று முதன்மைப் பாடமும் துணைப் பாடமும். முதன்மைப் பாடத்தில் எண்பது, தொண்ணூறு வாங்குபவரும் பகுதி இரண்டில் அரியர் வைத்திருந்தால் பட்டம் கிடையாது. முதற்பருவத்தில் விட்ட ஆங்கிலத் தாளை மூன்றாம் ஆண்டின் இறுதிவரை சுமந்து, பட்டமின்றி வெளியேறிய பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! ஆகவே புது மாணவரே, உமக்கு விருப்பமான பாடம் உம்மை இழுத்துக்கொண்டு போகும். அதைப் பற்றிக் கவலை இல்லை. விருப்பமில்லாத தாளுக்கு நாளும் ஒரு மணி நேரம் ஒதுக்குக. ஆங்கில விரிவுரை முதல் மாதம் புரியாமல் போவது இயல்பு. புரிந்ததுபோல் தலையாட்டுவதுதான் கேடு. ஆசிரியரின் அறைக்குச் சென்று கேட்பது பள்ளியில் இல்லாத பழக்கம். கல்லூரியில் அதுவே பாதிப் படிப்பு. நூலகத்திற்கும் முதல் வாரமே செல்க. இராமானுசனின் வாழ்வை மாற்றிய கணித நூலும் கல்லூரி நூலகத்திலிருந்து அவர் கைக்கு வந்ததே.

பகடிவதையைப் பற்றி ஒரு சொல். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் இதன் பொருட்டுக் கொலையுண்டது தமிழகத்தையே உலுக்கியது. அதனையடுத்து 1997-இல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை தண்டமும் அதில் உண்டு. மூத்த மாணவர் பெயர் கேட்பது விளையாட்டு. அச்சுறுத்துவதும் அடிப்பதும் ஆடை களையச் சொல்வதும் குற்றம். இவ்வேறுபாட்டைப் பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள். விடுதியிலிருந்து வரும் பிள்ளை திடீரெனப் பேச்சைக் குறைத்துக்கொண்டால், மதிப்பெண்ணைக் கேட்குமுன் அதைக் கேளுங்கள்.

பெற்றோரே, முதற்பருவத் தேர்வு பெரும்பாலும் நவம்பரை ஒட்டி வருகிறது. நடவு முடிந்த சம்பா வயலில் களையெடுக்கும் காலமும், அடைமழையில் வடிகால் வெட்டும் காலமும் அதுவே. கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை. வீட்டில் பிள்ளை இருக்கிறான். ‘ஒரு வாரந்தானே’ என்று தோன்றும். தையில் அறுவடை வரும்போது இரண்டாம் பருவ வகுப்புகள் பாதி நடந்திருக்கும்; அப்போதும் ஒரு வாரம். வகுப்புகளில் 75 விழுக்காடு வருகை இல்லாதவரைத் தேர்வெழுத விடுவதில்லை, அல்லது தண்டம் வாங்கி விடுவார்கள். விடுப்பு எத்தனை நாள் எஞ்சியுள்ளது என்று பிள்ளையிடம் கேட்டு, நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு களையெடுக்க ஆள் தேடுங்கள்.